தாளமும் கூலியும்: லிவர்பூல் நகர அமெச்சூர் டிரம்ஸ் கலைஞர்கள் (1956–1962)

இசை வரலாறு பெரும்பாலும் பாடியவர்களின் வரலாறாகவும் பாடல் இயற்றியவர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. தாளக்கருவி வாசித்தவர் அவ்வரலாற்றின் ஓரத்தில் அமர்த்தப்படுகிறார். அவர் இசையை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளாத அமெச்சூராகவும் இருந்துவிட்டால் அந்த ஓரமும் அவருக்குக் கிடைப்பதில்லை. பகலில் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ உழைத்து, மாலையில் தேவாலயக் கூடத்திலும் தொழிலாளர் மன்றத்திலும் வாசித்து, இரவின் கடைசிப் பேருந்தில் கருவிகளோடு வீடு திரும்பிய மனிதர்கள் இங்கிலாந்தின் ஒவ்வொரு தொழில் நகரிலும் இருந்தனர். அவர்களுள் லிவர்பூல் நகரைச் சேர்ந்த சிலர் மட்டுமே ஏட்டில் பதிவாகியுள்ளனர். பின்னாளில் பீட்டில்ஸ் என்று உலகப் புகழ் பெற்ற குழுவோடு சில மாதங்களோ சில வாரங்களோ வாசித்தமையே அதற்குக் காரணம். அப்பதிவுகளும் அவர்களை நல்வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் என்றே காட்டுகின்றன. அவர்கள் விலகிய நிகழ்வுகளைத் தனிமனிதக் குணக்கேடாகவோ ஊழாகவோ கொள்ளாமல், கருவியின் விலை, பணிநேரம், குடியிருப்பு, அரசின் ஆணை ஆகியவற்றோடு இணைத்துப் பார்க்க இக்கட்டுரை முற்படுகிறது.

அமெச்சூர் என்னும் சொல்

தமிழில் 'அமெச்சூர்' என்னும் சொல் நாடகத்தின் வழியே பழக்கமாயிற்று. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையும் அதன் வழிவந்த சபைகளும் கற்றோர், பதவியிலிருப்போர் ஆகியோரின் அமைப்புகளாக விளங்கின. அவர்களைப் பொறுத்தவரை நாடகத்தால் வருவாய் ஈட்டாமை ஒரு மதிப்பு. லிவர்பூல் இளைஞர்களின் நிலை வேறு. வாசித்தால் சில ஷில்லிங் கிடைக்கும் என்றால் அவர்கள் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டனர். அவ்வருவாய் கருவியின் தவணைக்கும் பேருந்துக் கட்டணத்துக்குமே போதாமையால் அமெச்சூர்களாக நின்றனர். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாவிடில் 'பொழுதுபோக்கு' என்னும் சொல் அவர்களது உழைப்பை மறைத்துவிடும்.

இத்துறையில் முன்னோடி ஆய்வு ரூத் ஃபினெகன் எழுதிய 'தி ஹிடன் மியூசிஷியன்ஸ்' (1989) ஆகும். ஃபினெகன் தமிழாய்வாளர்களுக்கு அயலாரல்லர். ஆப்பிரிக்க வாய்மொழி இலக்கியம் பற்றிய நூலாலும் (1970), வாய்மொழிப் பாடல் பற்றிய நூலாலும் (1977) நாட்டார் வழக்காற்றியல் மாணவர்க்கு அறிமுகமானவர். சங்கப் பாடல்களின் வாய்மொழித் தன்மை குறித்துக் க. கைலாசபதி தொடங்கிவைத்த விவாதத்தைத் தொடர்ந்தோர் ஃபினெகனின் மாற்றுக் கருத்துகளையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. ஆப்பிரிக்க நூலில் முரசின் மொழிக்கென ஓர் இயலே வகுத்த அவர், பின்னர்த் தாம் வாழ்ந்த மில்டன் கீன்ஸ் என்னும் புதுநகரிலேயே 1980களின் தொடக்கத்தில் களப்பணி மேற்கொண்டார். செவ்வியல் இசை, பித்தளை வாத்தியக் குழு, நாட்டார் இசை, இசை நாடகம், ஜாஸ், கன்ட்ரி, ராக் என ஏழு இசையுலகங்கள் அந்நகரில் அருகருகே இயங்குவதைக் கண்டார். தொழில்முறைக் கலைஞர், அமெச்சூர் என்னும் இரு சொற்களுக்கிடையே கறாரான கோடு கிடையாது என்பதும், ஊர்தோறும் நிகழும் இசையைத் தாங்குவோர் பெயர் தெரியாத இம்மனிதர்களே என்பதும் அவர் முடிபு. இம்முடிபை ஏற்கும்போதே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைந்திருப்போர் அனைவரும் ஒரே அளவில் மறைந்திருக்கவில்லை. ஒரு குழுவுக்குள்ளேயே கிதார் வாசிப்பவரைவிட டிரம்ஸ் வாசிப்பவர் எளிதில் மறைந்தார். அதற்கான காரணங்களுள் முதன்மையானது கருவியிலேயே இருக்கிறது.

ஒருவர் செய்யும் மூவர் வேலை

டிரம்ஸ் எனத் தமிழில் வழங்குவது ஒரு கருவியன்று. பல கருவிகளின் தொகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைவாத்தியக் குழுவில் பெரிய முரசை ஒருவர் சுமந்தடிப்பார். ஸ்நேர் என்னும் சிறுமுரசை மற்றொருவர் முழக்குவார். உலோகத் தாளத்தட்டுகளை மூன்றாமவர் மோதுவார். இவ்விசை நடன அரங்குக்குள் நுழைந்தபோது இடமும் குறைந்தது, கூலி கொடுக்கும் மனமும் குறைந்தது. ஒருவரே இருந்து இரண்டு முரசுகளையும் மாற்றி மாற்றி அடிக்கும் முறை தோன்றியது. காலால் மிதித்துப் பெரிய முரசை அடிக்கும் மிதிகட்டை முன்னரே பலவகையாக முயலப்பட்டிருந்தும், 1909இல் சிகாகோவில் வில்லியம் லுட்விக் வடிவமைத்த விரைவான மிதிகட்டையே பரவலாயிற்று. 1920களின் இறுதியில் இடக்காலால் இயக்கும் இரட்டைத் தாளத்தட்டான ஹை-ஹேட் வந்து சேர்ந்தது. இவ்வாறு மூவரின் வேலை ஒருவரின் நான்கு உறுப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. டிரம்ஸின் பிறப்பிலேயே கூலிக் கணக்கு ஒன்று உண்டு என்பது இதனால் விளங்கும்.

மூவர் ஒருவராயினர், கருவிகள் மூன்றும் மூன்றாகவே இருந்தன. அவற்றின் விலையும் எடையும் ஓசையும் இப்பொழுது ஒருவர் தலையில் விழுந்தன. கிதார் வாங்கிய இளைஞர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். படுக்கையில் அமர்ந்து மெல்ல மீட்டலாம். லிவர்பூலின் தொழிலாளர் வீடுகளோ பொதுச்சுவரோடு வரிசையாக ஒட்டியவை. அங்கே டிரம்ஸ் முழங்கினால் தெருவே அறியும். ரிங்கோ ஸ்டார் வீட்டில் தனியே பயிற்சி செய்ய முயன்றதையும், அண்டை வீட்டாரின் கூச்சலால் அதைக் கைவிட்டுக் குழுக்களோடு வாசித்தே கற்றதையும் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார். கன்றுத்தோல் போர்த்திய முரசுகள் ஈரக்காற்றில் தளர்ந்துபோகும் தொல்லையும் இருந்தது. மழைநாளில் பறையை நெருப்பில் காய்ச்சும் ஊரார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நெகிழித் தகட்டாலான முகப்பு 1957ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பின்னரே அத்தொல்லை படிப்படியாக நீங்கியது.

ஜாம் செஷன் என்னும் கூடல்

முன்னேற்பாடின்றிக் கலைஞர்கள் கூடித் தமக்காகவே வாசிக்கும் ஜாம் செஷன் அமெரிக்க ஜாஸ் உலகில் தோன்றிய வழக்கம். ஊதியத்துக்கு வாசித்து முடித்த பின் நள்ளிரவில் கூடுவது அதன் இயல்பு. இது கட்டற்ற விளையாட்டு என்னும் எண்ணம் பொதுவாக உண்டு. ஆனால் ஊதியமின்றி வாசிப்பது பிறர் கூலியைக் கெடுக்கும் எனக் கருதிய இசைக்கலைஞர் சங்கம் அதற்குத் தண்டம் விதித்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஹென்றி மின்டன் 1938இல் தொடங்கிய விடுதியில் இக்கூடல் தடையின்றி நடந்தமைக்கு அவர் அச்சங்கத்தின் பிரதிநிதியாக இருந்ததே காரணம். 1940இல் அவ்விடுதியின் பொறுப்பேற்ற டெடி ஹில், தம் குழுவிலிருந்து முன்னொரு காலத்தில் வாசிப்பு முறை பிடிக்காமல் நீக்கிய கென்னி கிளார்க்கையே அங்கு டிரம்ஸ் வாசிக்க அமர்த்தினார். காலக்கணக்கைப் பெரிய முரசிலிருந்து தாளத்தட்டுக்கு மாற்றி, முரசை எதிர்பாரா இடங்களில் ஒலிக்கவிட்ட கிளார்க்கின் முறை அங்குத்தான் செழித்தது. வேலை நேரத்தில் குற்றமாக இருந்தது வேலை முடிந்தபின் கலையாயிற்று.

இங்கிலாந்தில் நிலைமை மாறுபட்டது. 1935 முதல் அமெரிக்க இசைக்குழுக்களுக்குப் பணியுரிமை வழங்குவதைப் பிரித்தானியத் தொழிலாளர் அமைச்சகம் நிறுத்தியது; இருநாட்டுச் சங்கங்களிடையே உடன்பாடு ஏற்பட்டு மீண்டும் குழுக்கள் வந்துசென்றது 1956இல்தான். இடைப்பட்ட இருபதாண்டுகள் ஆங்கில இளைஞர்கள் ஜாஸைப் பெரும்பாலும் இசைத்தட்டுகளின் வழியே கற்றனர். தட்டில் கேட்கலாம், கைகால்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று பார்க்க இயலாது. பிற கருவியாளரைவிட டிரம்ஸ் பழகுவோர்க்கே இது பேரிழப்பு. நான்கு உறுப்புகளுள் எது எவ்வொலியை எழுப்புகிறது என்பதை ஊகித்துத்தான் அறிய வேண்டியிருந்தது.

துவைக்கும் பலகையிலிருந்து டிரம்ஸுக்கு

லோனி டோனெகன் 1954இல் பதிவுசெய்த 'ராக் ஐலண்ட் லைன்' 1956இல் பெருவெற்றி பெற்றது. அதனோடு ஸ்கிஃபில் என்னும் இசைமுறை நாடெங்கும் பரவிற்று. இதன் சிறப்பு அதன் மலிவு. ஒரு கிதார் இருந்தால் போதும். தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கழியை நட்டுக் கயிறு கட்டினால் அதுவே மந்தர ஒலிக்கான கருவி. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை ஏற்றிவந்த பெட்டிகள் லிவர்பூல் போன்ற துறைமுக நகரில் எளிதாகக் கிடைத்தன. தாளத்துக்குத் துணி துவைக்கும் நெளிதகட்டுப் பலகை. தையற்காரர் விரலில் அணியும் உலோக உறைகளை மாட்டிக்கொண்டு அதைத் தேய்த்தால் தாளம் பிறந்தது. அடுக்களைப் பொருளாலேயே இசைக்குழு அமைந்தது.

ஆனால் ஸ்கிஃபில் மோகம் ஓரிரு ஆண்டுகளில் வடிந்து ராக் அன் ரோல் அவ்விடத்தைப் பிடித்தது. நடனமாட வந்த கூட்டத்துக்குத் துவைக்கும் பலகையின் ஒலி போதவில்லை. கிதார் வைத்திருந்தோர் அதே கிதாரோடு புதிய இசைக்கு மாறினர். பலகை வைத்திருந்தவர் மட்டும் ஒரேயடியாக முழுத் தொகுதி டிரம்ஸ் வாங்க வேண்டியவராயினார். டாலர் செலவைக் கட்டுப்படுத்த அமெரிக்க இசைக்கருவி இறக்குமதிக்கு இருந்த தடை 1959இல்தான் நீங்கியது. அதுவரை உள்நாட்டுக் கருவிகளே கதி. 1922இல் தொடங்கப்பட்ட பிரீமியர் நிறுவனத்தின் கருவிகள் அவற்றுள் மதிப்பு மிக்கவை. தொழில் பழகுநர் வாரக்கூலியில் அவற்றை ஒரே தொகையில் வாங்குவது இயலாது. முன்பணம் கட்டி வாரந்தோறும் அடைக்கும் தவணை முறையே வழி. தவணைக் கடனுக்கான அரசுக் கட்டுப்பாடுகள் 1958இல் தளர்ந்தமை இவ்விசைக்கு உதவியது என்று கூறுவது மிகையாகாது. டிரம்ஸ் வாங்கியவர் கலைஞராகும் முன்னரே கடனாளியானார்.

இதன் விளைவு வெளிப்படை. நகரில் கிதார் வாசிப்போர் மலிந்தனர். டிரம்ஸ் வைத்திருப்போர் அருகினர். 'டிரம்ஸ் வாசிப்பவர் வேண்டும்' என்பதைவிட 'டிரம்ஸ் வைத்திருப்பவர் வேண்டும்' என்பதே குழுக்களின் தேடலாக இருந்தது.

காலின் ஹான்டன்

காலின் ஹான்டன் நாற்காலி, சோபாக்களுக்குக் குஷன் தைத்துப் பொருத்தும் தொழில் பழகியவர். தவணையில் டிரம்ஸ் வாங்கியிருந்தார். அவரிடம் கருவி இருப்பதை அறிந்த எரிக் கிரிஃபித்ஸ் என்னும் கிதார் கலைஞர், பள்ளி மாணவர்களாலான குவாரிமென் குழுவுக்கு அவரை அழைத்துவந்தார். குழுத் தலைவர் ஜான் லெனன். ஹான்டன் மற்றவர்களைவிட மூத்தவர்; கூலி பெறுபவர். உருவில் சிறியவராதலின் மதுக்கடையில் வயதை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழை உடன் வைத்திருந்தார் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. பள்ளிச் சீருடையினருக்கு நடுவே வேலைக்குச் செல்லும் ஒருவர் இருந்த இந்த ஏற்றத்தாழ்வை இசை நூல்கள் வேடிக்கையாகவே குறிக்கின்றன. அது வேடிக்கை மட்டுமன்று. மாணவர்க்கு நாளின் பிற்பகலும் விடுமுறையும் உண்டு. பட்டறைத் தொழிலாளிக்கு இல்லை.

1957 ஜூலை 6ஆம் நாள் வுல்டன் பகுதிப் புனித பேதுரு தேவாலய விழாவில் குவாரிமென் வாசித்தனர். அன்று லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தமையால் அந்நாள் இசை வரலாற்றில் நிலைபெற்றது. அவ்விழாவின் புகைப்படத்தில் லெனனின் பின்னே டிரம்ஸுக்கு அருகில் ஹான்டனும் இருக்கிறார். நூல்கள் படத்தின் முன்பகுதியையே பேசுகின்றன.

1958 கோடையில் லிவர்பூலில் பெர்சி ஃபிலிப்ஸ் என்பவர் தம் வீட்டில் நடத்திய சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் இக்குழு இரண்டு பாடல்களைத் தட்டில் பதிவுசெய்தது. செலவு 17 ஷில்லிங் 6 பென்ஸ். சிறிய அறையில் முரசொலி மிகுந்துவிடவே, ஸ்நேரின் மேல் கழுத்துத்துணி ஒன்றைப் போர்த்தி வாசித்ததாக ஹான்டன் நினைவுகூர்ந்துள்ளார். அத்தட்டின் இரண்டு பாடல்களும் 1995இல் பீட்டில்ஸின் தொகுப்பில் வெளியிடப்பட்டன. பின்னாளில் அக்குழுவாக வளர்ந்தவர்களின் முதல் தட்டில் ஒலிக்கும் தாளம் ஒரு குஷன் தொழிலாளியுடையது. அதுவும் துணியால் அடக்கப்பட்டது.

சிலப்பதிகார அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனின் அமைதியைக் கூறுமிடம் இவண் ஒப்புநோக்கத்தக்கது. யாழும் குழலும் கண்டமும் இசையும்போது அவற்றின் குறையை நிரப்பியும் மிகையை அடக்கியும், அவ்வாறு செய்வது கேட்போர்க்குப் புலனாகாதபடி வாசிப்பவனே சிறந்தவன் என்பது அப்பகுதியின் கருத்து. தாளக்காரனின் கண்ணுக்குப் புலனாகாமை அங்கே இலக்கணமாக வகுக்கப்படுகிறது. ஆயினும் இளங்கோவடிகள் அப்புலனாகாத் திறத்தைத் தம் காப்பியத்தில் புலனாக்கிச் சென்றார். லிவர்பூல் டிரம்ஸ் கலைஞர்க்கு அவ்வகையான பதிவு நெடுங்காலம் வாய்க்கவில்லை. தமிழ்ச் சூழலில் தோற்கருவி வாசிப்பு சில குடிகளின்மேல் பிறப்பால் சுமத்தப்பட்ட கடமையாகவும் இருந்தது. லிவர்பூலில் எவரும் விரும்பித் தொடங்கலாம், எவரும் விட்டுவிடலாம். ஆனால் யார் விட்டுவிட நேர்ந்தது என்பதைக் கூலியும் கடனும் முடிவுசெய்தன.

ஹான்டன் விலகியது 1959இன் தொடக்கத்தில். பேருந்துத் தொழிலாளர் மன்றம் ஒன்றில் அன்று நிகழ்ச்சி. திரையரங்கு ஒன்றில் வாய்ப்பளிக்கக்கூடிய மேலாளர் ஒருவர் அவர்களது வாசிப்பைக் காண வந்திருந்தார். முற்பகுதி சிறப்பாக அமைந்தது. இடைவேளையில் மது அருந்தியமையால் பிற்பகுதி கெட்டது. திரும்பும் பேருந்தில் சொற்சண்டை மூண்டது. ஹான்டன் தம் நிறுத்தத்துக்கு முன்பே கருவிகளை இறக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பின்னர் அவரை யாரும் அழைக்கவில்லை, அவரும் செல்லவில்லை.

இச்சண்டையை விவரிப்போர் குடியையும் கோபத்தையும் பற்றி மிகுதியும் பேசுகின்றனர். இங்கே பேருந்தையே கருத வேண்டும். மாடிப் பேருந்தின் படிக்கட்டுக்கு அடியிலுள்ள சிறு இடத்தில் முரசுகளை அடைத்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஏற்றி இறக்கியவர் அவர் ஒருவரே. கிதார் வாசிப்போர் இதற்கிடையே மெக்கார்ட்னியின் வீட்டு முன்னறை போன்ற இடங்களில் கூடிப் பாடல்களை இயற்றியும் பழகியும் நெருக்கமாயினர். அந்நெருக்கத்துக்குள் டிரம்ஸை எடுத்துச் செல்ல வழியில்லை. குழுவின் நட்பு எங்கே வளர்ந்ததோ அங்கே டிரம்ஸ் இல்லை.

மூரும் சாப்மனும்

ஹான்டனுக்குப் பின் ஓராண்டுக்கும் மேலாகக் குழுவுக்கு நிலையான டிரம்ஸ் கலைஞர் இல்லை. நிகழ்ச்சி அமைப்பாளர் கேட்டால், தாளம் கிதார்களிலேயே இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தனர். 1960 மே மாதம் லண்டன் அமைப்பாளர் லாரி பார்ன்ஸ் லிவர்பூலுக்கு வந்து குழுக்களைத் தேர்வுசெய்த நாளில், இவர்களது டிரம்ஸ் கலைஞர் டாமி மூர் வந்துசேரத் தாமதமாயிற்று. வேறொரு குழுவின் ஜானி ஹட்சின்சன் அமர்ந்து வாசித்தார்; அன்றைய புகைப்படத்தில் அவரது சலிப்பு தெளிவாகத் தெரிகிறது.

மூர் கார்ஸ்டன் பகுதிக் கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். லெனன் குழுவினரைவிட வயதில் மிக மூத்தவர். அதே மாதம் ஜானி ஜென்டில் என்னும் பாடகருக்குத் துணையாகக் குழு ஸ்காட்லாந்துக்குச் சென்றபோது மூரும் உடன் சென்றார். வழியில் வேன் மோதிய விபத்தில் அடிபட்டுப் பல்லை இழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்நிலையிலும் அன்றிரவு நிகழ்ச்சிக்கு அவரை அழைத்துச் சென்று வாசிக்கச் செய்தனர். பணமும் கைக்கு வரவில்லை. ஊர் திரும்பிய சில வாரங்களில், ஒருநாள் நிகழ்ச்சிக்கு அவர் வராமையால் குழுவினர் வீட்டுக்குத் தேடிச் சென்றனர். அவரோடு வாழ்ந்த பெண் சன்னலிலிருந்தே கடிந்து அனுப்பினார். மூர் புட்டித் தொழிற்சாலையின் இரவுப் பணிக்குச் சென்றிருந்தார்.

இப்பெண்ணை நகைப்புக்குரியவராகக் காட்டுவது நூலாசிரியர்களின் வழக்கமாகிவிட்டது. வாரக்கூலியில் குடும்பம் நடத்திய ஒருவர், பல் உடைந்தும் கையில் காசின்றியும் திரும்பிய துணைவரை மீண்டும் அனுப்ப மறுத்தார் என்பதே அங்கு நிகழ்ந்தது. அக்கணக்கில் பிழை ஏதும் இல்லை. மற்ற நால்வர் இருபது வயதை எட்டியவரும் எட்டாதவரும். பெற்றோர் இல்லத்திலோ நண்பர் அறையிலோ காலங்கழித்தவர்கள். அவர்களால் பட்டினியைத் துணிச்சலாக மாற்றிக்கொள்ள முடிந்தது. மூரால் இயலவில்லை.

அடுத்து வந்தவர் நார்மன் சாப்மன். படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலாளி. அவர் குழுவில் சேர்ந்த விதம் அமெச்சூர் டிரம்ஸ் வாழ்க்கையை வேறெதையும்விட நன்கு காட்டுகிறது. குழுவினர் ஸ்லேட்டர் தெருவிலுள்ள ஜகரண்டா காபிக் கடையில் இருந்தபோது எங்கிருந்தோ டிரம்ஸ் ஒலி கேட்டது. ஒலியைத் தொடர்ந்து சென்று பார்த்தால், மாலையில் ஆளொழிந்த அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஒருவர் தனியே வாசித்துக்கொண்டிருந்தார். கேட்பாரில்லை, குழுவில்லை, நிகழ்ச்சியில்லை. வீட்டில் முழக்க இயலாத கருவிக்கு வேலை முடிந்த கட்டடத்தின் வெறுமை புகலிடம் தந்தது.

சாப்மன் சில வாரங்களே வாசித்தார். இரண்டாண்டுக் கட்டாயப் படைப்பணிக்கு அரசு அவரை அழைத்துக் கென்யாவுக்கும் குவைத்துக்கும் அனுப்பியது. 1939 அக்டோபர் 1க்குப் பின் பிறந்தோர்க்கு அவ்வழைப்பு இல்லை. லெனன், மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நால்வரும் அக்கோட்டுக்கு இப்பால் பிறந்தவர்கள். சாப்மன் அப்பால் பிறந்தவர். பிரித்தானிய ராக் இசையின் எழுச்சியை மேதைமையால் மட்டும் விளக்குவோர் இத்தேதியை நினைவிற் கொள்ளுதல் நன்று.

சென்னையில் பிறந்த ஒருவர்

1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து அழைப்பு வந்தது. ஒப்பந்தத்துக்கு டிரம்ஸ் கலைஞர் கட்டாயம் தேவை. அப்போது நினைவுக்கு வந்தவர் பீட் பெஸ்ட். இவர் 1941 நவம்பர் 24 அன்று சென்னையில் பிறந்தவர்; தாயார் மோனா பெஸ்ட் தில்லியில் பிறந்தவர். குடும்பம் 1945இல் லிவர்பூலுக்குக் கப்பலேறியது. மோனா 1959இல் தம் இல்லத்தின் நிலவறையில் இளைஞர்க்கென ஓர் இசை மன்றம் தொடங்கினார். நிலவறை இருந்த பெரிய வீடும் கருவி வாங்கித்தந்த தாயும் வாய்த்தமையால் ஹான்டனையோ சாப்மனையோ வருத்திய இடத்தொல்லை பெஸ்டுக்கு இல்லை. அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதிலும் திறமையைவிடக் கருவி இருந்தமையே முதற்காரணம் எனலாம். இரண்டாண்டு உடன்வாசித்த அவர் 1962 ஆகஸ்டில் நீக்கப்பட்டதும், பின்னர் ரொட்டிக் கிடங்கில் சுமையேற்றியதும், அதன்பின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபதாண்டு அரசுப் பணியாற்றியதும் பலரும் அறிந்தவை.

அவ்விடத்துக்கு வந்த ரிங்கோ ஸ்டார் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். உடற்பயிற்சிக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் தொழில் பழகியவர். உடன்பணியாற்றிய நண்பர்களோடு உணவு இடைவேளையில் நிலவறையில் வாசித்தே கற்றார். மாற்றாந்தந்தை வாங்கித்தந்த பழைய டிரம்ஸ் அவரது முதல் தொகுதி. 1960இல் ரோரி ஸ்டார்மின் குழுவுக்கு வேல்ஸ் கடற்கரை விடுமுறை முகாமில் மூன்று மாத வாய்ப்புக் கிடைத்தபோது, தொழிற்பழக்கத்தை முடிக்காமல் விடவேண்டிய நிலை. டிரம்ஸ் பொழுதுபோக்காக இருக்கட்டும், தொழில் சான்றிதழை விடாதே என்று உறவினர் கூடி வற்புறுத்தினர். அவர் வேலையை விட்டார். மூர் எடுத்த முடிவும் ஸ்டார் எடுத்த முடிவும் ஒரே ஆண்டின் ஒரே கோடையில், ஒரே நகரில் எடுக்கப்பட்டவை. ஒருவர் இருபது வயதினர், மணமாகாதவர், எதிரே மூன்று மாத உறுதியான ஊதியம் இருந்தது. மற்றவர் எதிரே அவ்வாறு எதுவுமில்லை.

லண்டனில் இதே காலத்தில் விளம்பர நிறுவனமொன்றில் வரைகலைஞராக இருந்த சார்லி வாட்ஸும் நெடுநாள் இவ்வாறு இரு படகில் கால்வைத்தவரே. சிறுவயதில் பாஞ்சோ ஒன்றின் கழுத்தைக் கழற்றிவிட்டு அதன் தோல்முகத்தைச் சிறுமுரசாக அடித்துப் பழகினார். 1963 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேரும்வரை பகற்பணியே அவரது பாதுகாப்பு. வரைகலைத் தொழில் விட்டாலும் மீளலாம் என்னும் தன்மையது. இரவு முறைப்பணி அத்தகையதன்று.

ஹான்டனின் பிற்கால வாழ்வு குறித்துச் சில செய்திகள் கிடைக்கின்றன. பேருந்திலிருந்து இறக்கிய டிரம்ஸை வீட்டு அலமாரியின் மேல் ஏற்றிவைத்தார். நெடுங்காலம் அவற்றைத் தொடவில்லை. குஷன் தொழிலில் தேர்ந்து பின்னர்த் தாமே அத்தொழிலை நடத்தினார். கேவர்ன் மன்றத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 1997இல் குவாரிமென் குழுவின் எஞ்சிய உறுப்பினர் மீண்டும் கூடினர். அவ்வாண்டே வுல்டன் தேவாலய விழாவில் வாசித்தனர். தொடர்ந்து பல நாடுகளிலும் அக்குழு நிகழ்ச்சிகள் நடத்தியது. 2018இல், எண்பது வயதை நெருங்கிய நிலையில், காலின் ஹால் என்பவரோடு இணைந்து தம் நினைவுகளை 'ப்ரீ:ஃபேப்' என்னும் நூலாக வெளியிட்டார்.